வேலூரில் கலைஞர்–விஞ்ஞானி கூட்டு ரெசிடென்சி: எத்தனை ஜோடி, எத்தனை வாரம், எதில் கவனம்?

பாலாறு_கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் வட்டாரத்தை மையமாக வைத்து, கலைஞர்களும் விஞ்ஞானிகளும் சேர்ந்து வேலை செய்யும் ஒரு ரெசிடென்சி (சில வாரம் ஓரிடத்தில் கூடி வேலை செய்யும் முகாம்) நடத்தப் போகிறோம். காட்பாடிப் பக்கம் ஆறு அறையும் ஒரு பெரிய கூடமும் உள்ள கட்டடம் கிடைத்திருக்கிறது. கையில் ஒன்பது லட்சம் ரூபாய். இப்போதைய திட்டம் இது: பத்துக் கலைஞர், பத்து விஞ்ஞானி, இரண்டு வாரம், தலைப்பு 'பாலாறு'. கல்லூரி விடுமுறை என்பதால் மே மாதம் வைக்கலாம் என்று நினைக்கிறோம். கடைசி நாள் கண்காட்சி.

வர ஒப்புக்கொண்டவர்களில் கூத்துக் கலைஞர்கள், கரிகிரிப் பக்கத்துக் குயவர் ஒருவர், ஓவியர்கள், ஒலிப்பதிவு செய்பவர் எல்லாம் உண்டு. விஞ்ஞானிகள் பக்கம் வேதியியல், ஒலியியல், தோல் மருத்துவம். டேனரி எனும் தோல் பதனிடும் ஆலையின் கசடைக் களிமண்ணில் கலந்து சுட்டால் என்ன நிறம் வரும் என்று பார்க்கக் குயவருக்கும் வேதியியல்காரருக்கும் ஆசை. ஒப்பந்தத்தில் என்னென்ன எழுத வேண்டும், காவலூர் வானாய்வகத்துக்கு ஓர் இரவு எல்லோரையும் கூட்டிப் போவதென்றால் எதைக் கவனிக்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.

கூடத்துச்சாவி

பத்து ஜோடி, இரண்டு வாரம் என்றால் கடைசியில் உங்களுக்குக் கிடைப்பது விஞ்ஞானியின் படத்துக்குக் கலைஞர் வண்ணம் தீட்டிய சுவரொட்டிகள்தான். ஒருவர் பேச்சு இன்னொருவருக்குப் புரியவே ஒரு வாரம் போய்விடும். மூன்று ஜோடி, ஐந்து வாரம் வையுங்கள்.

1966 அக்டோபரில் நியூயார்க்கில் பத்துக் கலைஞர்களும் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த முப்பது பொறியாளர்கள் வரையிலும் சேர்ந்து ஒன்பது இரவு நிகழ்ச்சிகள் நடத்தினார்கள். பில்லி க்ளூவர் என்ற பொறியாளரும் ராபர்ட் ரௌஷன்பர்க் என்ற ஓவியரும் முன்னின்று செய்தது. பல மாதத் தயாரிப்பு இருந்தும் முதல் இரவுகளில் கருவிக் கோளாறும் தாமதமும் தலைதூக்கின. அவ்வளவு ஆள்பலம் இருந்த இடத்திலேயே அப்படி. இரண்டு வாரத்தில் நாம் அவசரப்படக் கூடாது.

மே மாதத்தைக் கைவிடுங்கள். அக்னி நட்சத்திரத்தில் களிமண் மேல்பக்கம் மட்டும் சீக்கிரம் காய்ந்து வெடிக்கும். பங்குனியிலிருந்து ஆடி வரை திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும் காலம், எந்த நல்ல கூத்துக்காரரும் ஊரில் இருக்க மாட்டார். கல்லூரிக்காரர்களும் விடுமுறை விட்டால் சொந்த ஊருக்குத்தான் போவார்கள். தை மூன்றாம் வாரத்துக்கும் மாசிக் கடைசிக்கும் இடையில் அந்த ஐந்து வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மழை ஓய்ந்திருக்கும், பொங்கல் பானை வேலை முடிந்து குயவருக்குக் கை ஓய்ந்திருக்கும், கூத்து இன்னும் சூடு பிடித்திருக்காது, பருவத் தேர்வும் தொலைவில் இருக்கும். மாசி அமாவாசையன்று மயானக் கொள்ளை. பாலாற்றங்கரைப் பக்கம் வண்டி எடுக்க முடியாது, அன்று விடுமுறை என்று அட்டவணையிலேயே எழுதிவிடுங்கள்.

ஜோடி சேர்ப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய வேலை. 'பாலாறு' மாதிரித் தலைப்பை வைத்துச் சேர்க்காதீர்கள், அதற்குள் எதையும் போடலாம். ஒவ்வொருவரிடமும் இரண்டே வரி எழுதி வாங்குங்கள்: எனக்கு விடை தெரியாத ஒரு கேள்வி, அதற்காக நான் தினமும் கையில் எடுக்கும் பொருள். எந்த இருவர் கையில் ஒரே பொருள் இருக்கிறதோ அவர்களைச் சேருங்கள். இந்த ஊரிலேயே முன்னுதாரணம் இருக்கிறது. 1946-ல் வேலூர் சிஎம்சிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயில் உணர்ச்சி இழந்த காலில் புண் வரக் காரணம் ஒரே இடத்தில் விழும் அழுத்தம் என்று கண்டார். அதன் பிறகு பாதி வேலை செருப்புத் தைப்பவருடையது, நுண்துளை ரப்பர் செருப்பு அப்படித்தான் வந்தது. மை தடவிய ரப்பர் பாயின் மேல் காகிதம் வைத்து நோயாளியை நடக்கவிட்டால் அழுத்தம் கூடின இடம் கறுப்பாக விழும். அந்தக் கறுப்பை மருத்துவரும் படிப்பார், செருப்பு வெட்டுபவரும் படிப்பார். உங்கள் ஒவ்வொரு ஜோடிக்கும் அப்படி இருவருமே படிக்கக்கூடிய ஒரு பொருள் வேண்டும்.

முதல் வாரம் எதையும் உருவாக்கக் கூடாது. விஞ்ஞானி மண் மிதிக்கட்டும், கலைஞர் தராசில் 0.01 கிராம் வரை எடை போட்டு ஆய்வகக் குறிப்பேட்டில் தேதியோடு எழுதட்டும். ஒரு பயிற்சி சொல்கிறேன். ஆம்பூரில் ஆட்டுத்தோல் துண்டு ஒன்று, மாட்டுத்தோல் துண்டு ஒன்று வாங்கி, ஆளுக்கொரு பத்து மடங்கு லென்ஸ் கொடுத்து நாற்பது நிமிடம் உட்காரவையுங்கள். கலைஞர் வார்த்தைகளில் எழுத வேண்டும், விஞ்ஞானி வரைய வேண்டும். ஆட்டுத்தோலில் மயிர்க்கால் துளைகள் பெரிதாக வரிசை கட்டி நிற்கும், நடுநடுவே நுண் துளைகள் இருக்கும். மாட்டுத்தோலில் ஏறத்தாழ ஒரே அளவுத் துளைகள் சீராகப் பரவியிருக்கும். இதை யார் முதலில் கண்டார், யார் எண்ணினார், யார் விரலால் தடவிப் பார்த்தார் என்பதை வைத்தே அந்த ஜோடி எப்படி வேலை செய்யும் என்று ஒருங்கிணைப்பாளருக்குத் தெரிந்துவிடும்.

இரண்டாம் வாரம் சோதனைகள். அதன் முடிவில், ஒத்துவராத ஜோடி மனக்கசப்பில்லாமல் பிரிய ஒரு நாள் வையுங்கள். மூன்றும் நான்கும் வேலை வாரங்கள். ஐந்தாவது வாரம் பாதி நாள் முடிக்க, பாதி நாள் காட்ட. முடியாத வேலையை முடியாததாகவே மேசையில் வைக்கலாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் நான்காவது வாரமே அலங்காரம் தொடங்கிவிடும்.

விஞ்ஞானி முழுநேரம் தங்க மாட்டார். வாரம் இரண்டு முழு நாள், கிழமை மாறாமல், துறைத்தலைவர் கையெழுத்தோடு வாங்குங்கள். 'நேரம் கிடைக்கும்போது வருகிறேன்' என்றால் வர மாட்டார் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

பணக் கணக்கு: கலைஞர் மூவருக்கு தலா 60,000 (1,80,000), விஞ்ஞானி மூவருக்கு தலா 30,000 (90,000), ஒருங்கிணைப்பாளர் முன்னும் பின்னும் சேர்த்து இரண்டரை மாதத்துக்கு 75,000, பொருட்செலவு ஜோடிக்கு 35,000 (1,05,000), ஆய்வகச் சோதனைக் கட்டணம் 60,000, நான்கு பேருக்கு 35 நாள் சாப்பாடும் தங்கலும் நாளுக்கு 900 வீதம் 1,26,000, வண்டி 50,000, கண்காட்சி 70,000, பதிவு செய்ய 40,000, காப்பீடு 15,000. கூட்டினால் 8,11,000. பத்து சதவீதம் கைக்காவலாக வைத்தால் 8,92,100. உங்கள் ஒன்பது லட்சத்தில் மூன்று ஜோடிதான் அடங்கும். விஞ்ஞானிக்குச் சம்பளம் வருகிறதே என்று அந்த முப்பதாயிரத்தை வெட்டாதீர்கள். பணம் வாங்காதவர் விருந்தாளியாகத்தான் வந்து போவார்.

சூளைச்சூடு

டேனரிக் கசடைச் சூளையில் போடாதீர்கள். தயவுசெய்து வேண்டாம். காரணத்தை விரிவாகச் சொல்கிறேன், உங்கள் வேதியியல்காரரிடமும் காட்டுங்கள்.

தோல் பதனிடப் போடுவது குரோமியம் சல்பேட். அதில் இருப்பது மூவிணைதிறன் குரோமியம், நச்சு குறைவு. ஆனால் கசடில் சுண்ணாம்பும் சேர்ந்தே கிடக்கும். மயிர் நீக்கவும் சுண்ணாம்பு, கழிவுநீரைச் சுத்திகரிக்கும்போதும் சுண்ணாம்பு. நாட்டுச் சூளை ஏறுவது ஏறத்தாழ 700 முதல் 900 °செ. காற்றோட்டம், சுண்ணாம்பு, அந்த வெப்பம் மூன்றும் சேரும் இடத்தில் குரோமியம் ஆறிணைதிறனுக்கு மாறி கால்சியம் குரோமேட் ஆகும். அழகான மஞ்சள் வரும், கலைஞருக்கு அதுதான் பிடிக்கும். அது தண்ணீரில் கரையும், புற்றுநோய் உண்டாக்கும், சாம்பலிலும் தூசியிலும் பறந்து குயவரின் நுரையீரலுக்கே முதலில் போகும். குடிநீரில் மொத்தக் குரோமியத்துக்கு இந்தியத் தரநிலை வைத்திருக்கும் எல்லையே லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்தான் என்பதிலிருந்து அளவைப் புரிந்துகொள்ளலாம். தவிர, குரோமியக் கசடு 2016 அபாயக் கழிவு விதிகளின் கீழ் வருகிறது. அனுமதி இல்லாமல் ஒரு வாளி எடுத்து வருவதே குற்றம். ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவுமேட்டுப் பக்கம் 'மாதிரி எடுக்க' யாரையும் அனுப்பாதீர்கள்.

அதே ஜோடிக்கு இதைவிட நல்ல வேலை இருக்கிறது. ஏரி வண்டலில் ஆற்றுமணல் கலந்து சுடுவது. ஆற்றில் இறங்கி மணல் அள்ளினால் சட்டச் சிக்கல், பழைய வீடு இடித்த இடத்தில் மிஞ்சிய மணல் ஒரு மூட்டை கேட்டு வாங்குங்கள். உலர் எடையில் 0, 10, 20, 30 சதவீதம் மணல். ஒவ்வொன்றுக்கும் மூன்று பட்டை, ஆக 12 பட்டை. அளவு 12 × 3 × 1 செ.மீ. ஈரமாக இருக்கும்போதே மேலே சரியாக 10 செ.மீ. கோடு கீறுங்கள். காய்ந்ததும் அளந்து, சுட்டதும் அளந்தால் சுருக்கம் சதவீதத்தில் நேராகக் கிடைக்கும். நிழலில் ஒரு வாரம் காயவைத்து, கடைசி நாள் மட்டும் வெயில்.

இரண்டு இடத்தில் தவறும். ஒன்று, மணலில் உள்ள குவார்ட்ஸ் 573 °செ. அருகில் சட்டென்று பருமன் கூடும், ஆறும்போது அதே இடத்தில் சட்டென்று சுருங்கும். அந்த எல்லையை வேகமாகத் தாண்டினால் மணல் கூடின பட்டைகள் விரியும். சூளையை மறுநாள் காலை வரை திறக்காதீர்கள். இரண்டு, வண்டலில் சுண்ணாம்புக் கட்டி இருந்தால் சுட்ட அன்று ஒன்றும் தெரியாது. நாலைந்து நாள் கழித்து ஈரம் குடித்து ஊதி, பாண்டத்தின் மேல் சில்லு சில்லாகப் பெயர்க்கும், பெரும்பாலும் கண்காட்சி நாளில். மண்ணைக் கரைத்து 0.5 மி.மீ. சல்லடையில் வடிகட்டினால் இது போய்விடும்.

சூளைக்குள் அடி, நடு, மேல் என மூன்று இடத்தில் கே வகை தெர்மோகப்பிள் (அதிக வெப்பம் அளக்கும் கம்பி) வையுங்கள். குயவர் துளை வழியே நெருப்பின் நிறத்தைப் பார்த்துச் சொல்வதை அவர் வார்த்தையிலேயே நேரத்தோடு எழுதுங்கள், பக்கத்துப் பத்தியில் மூன்று எண்கள். மங்கிய சிவப்புக்கும் பழச் சிவப்புக்கும் அவர் வைத்திருக்கும் சொற்கள் எத்தனை என்று அப்போது தெரியும். அந்த இரண்டு பத்திக் காகிதமே இந்த ஜோடியின் முதல் படைப்பு என்பேன்.

கடையில் வாங்கிய மெருகு பூசி, உண்ணும் பாத்திரம் செய்தால் ஒரு சோதனை கட்டாயம்: 4 சதவீத அசிட்டிக் அமிலத்தை விளிம்பு வரை ஊற்றி, மூடி, அறை வெப்பத்தில் 24 மணி நேரம் வைத்து, அந்தத் திரவத்தில் ஈயமும் காட்மியமும் பார்க்கக் கொடுங்கள். சந்தேகமான பச்சை, மஞ்சள் நிறம் எதுவாக இருந்தாலும் 5 கிராம் தூளை 50 மி.லி. வாலைவடிநீரில் ஒரு மணி நேரம் குலுக்கி வடிகட்டி, நீர்த்த கந்தக அமிலம் சில சொட்டும் டைபினைல்கார்பசைடு கரைசலும் விட்டுப் பாருங்கள். பத்து நிமிடத்துக்குள் ஊதா வந்தால் ஆறிணைதிறன் குரோமியம் இருக்கிறது. வராவிட்டால் 'கரையும் வடிவில் அகப்படவில்லை' என்று மட்டுமே எழுத வேண்டும், 'பாதுகாப்பானது' என்று எழுதக் கூடாது.

இன்னொன்று, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்க நினைத்தால் இரண்டு வாரம் முன்பே நேரம் பதியுங்கள். மாதிரி ஒரு செ.மீ.க்குள், முழுக்கக் காய்ந்து, உதிராமல் இருக்க வேண்டும். ஈர மண்ணை வெற்றிடத்தில் வைக்க விடமாட்டார்கள். படம் எப்போதும் கறுப்பு வெள்ளையில்தான் வரும். கலைஞர் பிறகு நிறம் சேர்த்தால் சேர்த்தது என்று அட்டையில் எழுதவேண்டும்.

முகவீணை

கூத்துக் கலைஞர்களைப் பற்றி. அவங்களை 'தகவல் தருபவர்' ஆக்கிடாதீங்க. ஒலியியல்காரர் மைக் வைப்பார், இவர் பாடணும், அவ்வளவுதான் என்றால் அது ரெசிடென்சி இல்லை. வாத்தியாருக்கும் ஒரு கேள்வி இருக்கும், அதைக் கேளுங்க.

ஒரு நல்ல ஜோடி உங்க பட்டியலிலேயே இருக்கு: கூத்துக்காரரும் தோல் மருத்துவரும். இருவருக்கும் பொதுவான பொருள் முகத்துச் சாயம். அரிதாரம்னு சொல்றோமே, அந்தச் சொல்லே ஆர்சனிக் சல்பைடு தாதுவின் பேர். இப்போ கடைப்பொடிதான், ஆனா அந்தப் பொடியில என்ன இருக்குன்னு யாரும் பார்க்கறதில்லை. இரவு ஒன்பது மணிக்குப் பூசினா விடியற வரைக்கும் வியர்வையோட முகத்துல இருக்கு. ஒவ்வொரு நிறத்திலும் 5 கிராம், தனித்தனி உறையில, வாங்கின கடையும் தேதியும் எழுதி எடுங்க. எண்ணெய் கலக்கறதுக்கு முன்னாடி ஒரு மாதிரி, கலந்த பிறகு ஒரு மாதிரி. கையடக்க எக்ஸ் கதிர்க் கருவியில முதல்ல பார்க்கலாம். ஒண்ணு தெரிஞ்சுக்கணும்: அந்தக் கருவி ஒவ்வொரு தனிமத்தையும் கோடாக் காட்டும், அதுல ஆர்சனிக்கின் முதன்மைக் கோடும் ஈயத்தின் கோடும் கிட்டத்தட்ட ஒரே இடத்துல விழும். சிவப்புப் பொடியில ஈயம் அதிகமா இருந்தா ஆர்சனிக் எண்ணை நம்பக் கூடாது, அதை ஆய்வகத்துல கரைச்சுத்தான் பார்க்கணும். அழகுசாதன நிறங்களுக்கு நம்ம சட்டத்துல ஈயம் பத்து லட்சத்துல 20 பங்கு, ஆர்சனிக் 2 பங்கு என்பதுதான் எல்லை.

அதுக்கு மேல கலைஞரோட வேலை. எல்லைக்குள்ள இருக்கிற பொடியை மட்டும் வச்சு, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துலயும் எல்இடி வெளிச்சத்துலயும் துரியோதனன் முகம் முப்பது அடி தள்ளி எப்படித் தெரியுதுன்னு பார்க்கணும். எல்இடி வந்த பிறகு சிவப்பு செத்துப்போச்சுன்னு பலரும் சொல்றாங்க. விளக்கோட நிறக்காட்டும் தரம், அதிலும் அடர்சிவப்புக்கான எண் என்னன்னு பார்த்தா காரணம் புரிஞ்சிடும். மருத்துவரும் கலைஞரும் விளக்குக்காரரும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை இது.

பணம் வாரா வாரம் கொடுங்க, பாதி முன்பணமா. கடைசியில மொத்தமா செக்குன்னா அவங்களுக்குக் கட்டாது.

பாலாறு_கரை

நன்றி. கசடு யோசனையைக் கைவிட்டுவிட்டோம், குயவரிடமும் காரணத்தைச் சொல்லியாயிற்று. மூன்று ஜோடி, தை மாதம் என்று மாற்றுகிறோம். தோல் மருத்துவர் அந்தப் பொடிகளைக் கலைஞர்களின் தோலில் ஒட்டிச் சோதிக்கலாமா என்று கேட்கிறார். அது சரியா?

முத்திரைத்தாள்

ஒட்டிச் சோதிப்பது மனிதரின் மேல் செய்யும் ஆய்வு. ஒட்டு 48 மணி நேரம் இருக்கும், எடுத்த பிறகு மறுபடியும் ஓரிரு நாள் கழித்துப் பார்க்க வேண்டும். நிறுவனத்தின் நெறிமுறைக் குழு ஒப்புதல் இல்லாமல் தொடக் கூடாது. 2017-ல் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வெளியிட்ட வழிகாட்டுதல்படி ஒப்புதல் படிவம் பங்கேற்பவரின் மொழியில் இருக்க வேண்டும். இரண்டு மூன்று மாதம் ஆகும் என்று வைத்துக்கொண்டு ஐப்பசியிலேயே விண்ணப்பியுங்கள். கிடைக்காவிட்டால் பொடியை மட்டும் சோதியுங்கள், தோலை விட்டுவிடுங்கள். நோயாளியின் படம், ஸ்கேன் எதையும் 'பெயர் மறைத்துவிட்டோம்' என்று கண்காட்சியில் வைப்பதற்கும் இதே ஒப்புதல்தான்.

ஒப்பந்தம் நான்கு பக்கம் போதும், தமிழில் இருக்கட்டும். முக்கியமான இடங்கள் இவை. இருவர் பங்கும் பிரிக்க முடியாதபடி கலந்த படைப்பு 1957 பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டப்படி கூட்டுப் படைப்பு. ஒருவர் மட்டும் விற்கவோ அச்சிடவோ முடியாது என்பதைச் சொல்லிவிடுங்கள். விற்றால் பொருட்செலவு கழித்துச் சரிபாதி என்று எழுதுங்கள். கூத்தைப் பதிவு செய்தால் நிகழ்த்துபவருக்குத் தனி உரிமை உண்டு, அது 50 ஆண்டு நிற்கும். 'ஆய்வுக்கு மட்டும்', 'கண்காட்சியில் ஒலிக்க', 'இணையத்தில் போட' என்று மூன்று தனித்தனிக் கையெழுத்து வாங்குங்கள்.

எல்லோரும் கோட்டைவிடும் இடம் பேட்டன்ட்டுக்கு விண்ணப்பிக்கும் கண்டுபிடிப்புகள். புது மண்கலவையோ கருவியோ கண்காட்சியில் வெளிப்பட்டுவிட்டால் புதுமை போய்விடும், பிறகு பேட்டன்ட் கிடைப்பது கடினம். மைய அரசு அறிவித்த கண்காட்சிகளுக்குத்தான் சட்டம் விலக்கு தருகிறது, உங்கள் கூடத்துக்குத் தராது. அப்படி ஏதாவது தோன்றினால் திறப்பு விழாவுக்கு முன்பே தற்காலிக விண்ணப்பம் போட்டுவிடுங்கள், முழு விண்ணப்பத்துக்கு 12 மாதம் அவகாசம் இருக்கிறது. அதேபோல, குயவரின் குடும்பம் வழிவழியாக வைத்திருக்கும் கலவையை ஆய்வுக் கட்டுரையில் எண்ணோடு வெளியிடலாமா என்பதை அவரிடம் முதல் வாரமே கேட்டு எழுதி வாங்குங்கள். வெளியிட்டால் கட்டுரையில் அவர் பெயர் ஆசிரியர் வரிசையில் வர வேண்டும். நன்றியுரையில் ஒரு வரி போட்டு முடிப்பது நியாயமில்லை.

ஆலங்காயம்_இருட்டு

காவலூருக்கு. முன்கூட்டியே எழுத்தில் அனுமதி கேளுங்கள், வேன் எண், ஆட்கள் பட்டியலோடு. வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாக மலையேறும் பாதை, வெளிச்சம் இருக்கும்போதே மேலே போய்ச் சேருங்கள். வளாகத்துக்குள் முகப்பு விளக்கு எரியக் கூடாது. டார்ச் முகத்தில் சிவப்புக் கண்ணாடித் தாள் நான்கு மடிப்பு ஒட்டுங்கள், இரண்டு மடிப்பில் வெள்ளை கசியும். கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். நடுவில் ஒருவர் கைபேசியைத் திறந்தால் பக்கத்தில் இருப்பவருக்கும் அந்த நேரம் வீண். கைபேசிகளை வேனிலேயே ஒரு பையில் போட்டுவிடுவது நல்லது.

படம் எடுப்பவர் 24 மி.மீ. லென்ஸ் வைத்தால் இருபது விநாடிக்கு மேல் திறந்து வைக்க வேண்டாம், விண்மீன் கோடாக இழுபடும்.

ஒலிக் கலைஞருக்கு ஒரு விஷயம். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தது. அதற்கு முன்னும் பின்னும் அந்த விண்மீனின் ஒளி சில கணம் சில கணமாகக் குறைந்தது. யுரேனஸுக்கு வளையம் உண்டு என்று காட்டிய பதிவுகளில் காவலூர் 1 மீட்டர் தொலைநோக்கியின் பதிவும் ஒன்று. வானியலாளரோடு உட்கார்ந்து, ஒளி குறைவதை ஒலி குறைவதாக மாற்றலாம் என்றால் நேரத்தை எத்தனை மடங்கு சுருக்குவது, எது உண்மையான சரிவு, எது மேகம் என்று இருவரும் சேர்ந்துதான் முடிவு செய்ய வேண்டியிருக்கும். அங்கே அவர்களுக்குப் பேச நிறைய இருக்கும்.

நிலா இல்லாத இரவு வேண்டும். தை அமாவாசை உங்கள் ஐந்து வாரத்துக்கு முன்பே வந்துவிட்டால் மாசி அமாவாசைதான் கிடைக்கும். மயானக் கொள்ளைக்கு இரண்டு நாள் முன்பே போய் வந்துவிடுங்கள், இரவில் குளிரும், ஆளுக்கொரு போர்வை எடுத்துப் போங்கள்.